எவ்வளவு வெளிச்சம் போதும்?

கோலார் தங்க வயலில் உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், வீட்டுக் கூரைகளுக்கு மேலே உச்சி தட்டையான வெளிர் மேடு ஒன்று கண்ணில் படும். பக்கங்களில் மழைநீர் அரித்த கோடுகள் ஓடும். ஊர்க்காரர்கள் அதைச் சயனைடு மேடு என்பார்கள். பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பிறகு மிஞ்சிய மண் அது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த வயல் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். கொட்டி வைத்த மண்ணோ மூன்று கோடி டன்னுக்கும் மேல்.

நல்ல வெயிலில் அந்த மேட்டை நோக்கி கேமராவைத் தூக்கி, ஆட்டோ முறையில் வைத்து ஒரு படம் எடுத்தால் வருவது ஏமாற்றம்தான். கண் கூசும் வெளிர் மண் அழுக்குச் சாம்பலாக விழுந்திருக்கும். வானம் மழைக்கு முந்தைய வானம்போல மங்கியிருக்கும். கேமரா கெட்டுப்போகவில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்த வேலையை அது துல்லியமாகச் செய்திருக்கிறது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன்னை வந்தடையும் ஒளியை மட்டுமே அளக்கிறது. எதிரில் இருப்பது வெயில் படும் கரித்துண்டா, நிழலில் இருக்கும் சுண்ணாம்புச் சுவரா என்று அதற்குத் தெரியாது. இரண்டிலிருந்தும் ஒரே அளவு ஒளி வரலாம். எனவே கேமரா செய்பவர்கள் ஓர் ஊகத்தை அதற்குள் பதித்துவிட்டார்கள்: உலகத்தைச் சராசரியாக எடுத்துக்கொண்டால் அது நடுத்தரச் சாம்பல். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு நம் கண்ணுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றும். பாட நூல்கள் அந்த 18-ஐச் சொல்லும். மானிகளைச் சீரமைக்கும் தொழிற்சாலைகள் அதைவிடச் சற்றுக் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றே. வெளிர் மேட்டைக் காட்டினால் அதை இருட்டாக்கிச் சாம்பலாக்கும். கறுப்பு எருமையைக் காட்டினால் அதை வெளுப்பாக்கிச் சாம்பலாக்கும். மானி சொல்லும் எண் ஒரு தொடக்கம் மட்டுமே. அதற்குப் பிறகு வரும் முடிவு படம் எடுப்பவருடையது.

மேட்டை மேடாகவே காட்ட வேண்டுமானால், கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்தி, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆனால் மேட்டை மேடாகவே காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? 2018 டிசம்பரில் வந்த ‘கே.ஜி.எஃப்’ படத்தின் பல காட்சிகள் இந்தச் சயனைடு மேடுகளில்தான் எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவாளர் புவன் கவுடா காட்டிய உலகம் கரியும் பழுப்பும் கலந்தது. படத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறவர்களுக்கு நிஜ மேட்டின் வெளுப்பு ஆச்சரியமாக இருக்கும். அரங்க அமைப்பு, புகை, வண்ணத் திருத்தம் எல்லாம் சேர்ந்த விளைவு அது. எக்ஸ்போஷர், அதாவது பதியவிடும் ஒளியின் அளவு, ஒன்றே காரணமில்லை. இருந்தாலும், ஒரே மண்ணைக் கண் கூசும் பாலைவனமாகவும் காட்டலாம், நரகமாகவும் காட்டலாம் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சான்று கிடைக்காது.

ஸ்டாப் என்ற அளவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரண்டு மடங்கு, குறைந்தால் பாதி. கூட்டாமல் பெருக்குவதற்குக் காரணம் நம் கண்தான். ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் பளிச்சென்று தெரிகிறது. நூறு விளக்கு எரியும் மண்டபத்தில் நூற்றியொன்றாவது விளக்கை யாரும் கவனிப்பதில்லை. கண் வித்தியாசத்தை உணர்வதில்லை, விகிதத்தை உணர்கிறது. அதனால்தான் ஷட்டர் நேரம் 1/125, 1/250, 1/500 என்று பாதி பாதியாக இறங்குகிறது. லென்ஸின் துவாரம் சிறுகச் சிறுக அதைக் குறிக்கும் எண்கள் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று விசித்திரமாக ஏறுவதும் அதே கணக்குதான். வட்டத்தின் பரப்பு பாதியாக வேண்டுமானால் விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 1.4 ஆல் வகுக்க வேண்டும். இரண்டு எண்வரிசைகளையும் பார்த்துக் குழம்பிப் பாதியில் கேமராவை மூடி வைத்தவர்கள் பலர். ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு அல்லது பாதி என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் விரல்விட்டு எண்ணும் கணக்கு.

மானியே இல்லாமல் அந்தக் கணக்கைப் போட ஒரு பழைய சூத்திரம் உண்டு. மேகமில்லாத வெயிலில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப் 16-இல் வைத்து, ஃபிலிமின் அல்லது சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைத் தலைகீழாக்கி ஷட்டர் நேரமாக எடுத்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறத்தாழ 1/125 நொடி. ஃபிலிம் காலத்தில் டப்பாவின் உட்புறத் தாளிலேயே இதை அச்சிட்டிருப்பார்கள். இதில் ஓர் அழகு இருக்கிறது. இந்தச் சூத்திரம் பொருளிலிருந்து திரும்பும் ஒளியைக் கணக்கில் எடுப்பதில்லை. பொருளின்மேல் விழும் வெயிலை மட்டுமே எடுக்கிறது. ஆகவே சயனைடு மேடு வெளுப்பாகவே வரும், எருமை கறுப்பாகவே வரும். பல ஆயிரம் ரூபாய் கேமரா தடுமாறும் இடத்தில் பழைய டப்பாத் தாள் ஜெயித்துவிடுகிறது.

ஆடி மாதக் காற்றில் இந்த மேடுகள் புழுதி கிளப்பும். மாவாக அரைத்த மண் என்பதால் அது வீடுகளுக்குள்ளும் வரும், கண்ணிலும் விழும். ஊர் மக்களின் நெடுங்காலப் புகார் இது. அந்தப் புழுதிக்குள் ஒருவர் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 16, 1/125 நொடி என்பது வெயிலின் கணக்கு. அதே ஒளியை எஃப் 2.8, 1/4000 நொடி என்றும் பெறலாம். துவாரத்தை ஐந்து ஸ்டாப் திறந்து, நேரத்தை ஐந்து ஸ்டாப் குறைத்தாயிற்று. புழுதியின் துகள்கள் அந்தரத்தில் நிற்கும், வேட்டியின் மடிப்பு உறையும், பின்னால் இருக்கும் மேடு கலங்கிக் கரையும். எதிர்த் திசையிலும் போகலாம். லென்ஸின் முன் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் சாம்பல் ஃபில்டரைப் போட்டு, எஃப் 22-இல் 1/4 நொடி திறந்தால் ஃபிலிமுக்கோ சென்சாருக்கோ கிடைக்கும் ஒளி முன்போலவேதான். ஆனால் இப்போது புழுதி ஓடும் துணியாகும், சைக்கிள்காரர் அரைகுறை உருவமாக அதற்குள் கரைவார், அவருக்குப் பின்னால் இருக்கும் மேடு கல்லும் கோடும் தெரியக் கூர்மையாக நிற்கும். ஒளிமானி இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடும். முதல் படம் மனிதரைப் பற்றியது, இரண்டாவது காற்றைப் பற்றியது.

அதிகாலை மாரிக்குப்பம் ரயிலும் இதற்கு நல்ல பாடம். 2001 பிப்ரவரி 28-இல், சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, இந்த ஊரின் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை பெங்களூரில்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக ரயில் போகும். விடியாத வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை ஏகத்துக்கும் உயர்த்தி ரயிலை உறைய வைக்கலாம். அப்படிச் செய்தால் கிடைப்பது நின்றுகொண்டிருக்கும் ரயிலின் படம்தான். 1/15 நொடி வைத்து, வாசலில் நிற்கும் ஒருவரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் அவர் ஓரளவு தெளிவாக நிற்க, நடைமேடை கோடுகளாக இழுபடும். பத்துக்கு எட்டு படம் வீணாகும். டிஜிட்டலில் அதற்குக் காசு செலவில்லை.

இதுவரை ஒளியின் அளவைச் சொன்னோம். இன்னொரு சிக்கல் அதன் வீச்சு. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்குள் நின்று, வாசல் வழியே வெளியே பார்க்கும் ஒரு முதியவரைப் படம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நடுப்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். உள்ளே ஒரே ஜன்னல், நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். ஆயிரம் மடங்கு, அதாவது பத்து ஸ்டாப் வித்தியாசம். அதற்கு மேல் வெளியே வெள்ளை மேடு, உள்ளே கரிபிடித்த சுவர். பழைய ஸ்லைடு ஃபிலிம் ஐந்தாறு ஸ்டாப்புக்கு மேல் தாங்காது. இன்றைய நல்ல சென்சார் 12 முதல் 14 ஸ்டாப் வரை பிடிக்கும் என்றாலும், அச்சிட்ட காகிதத்துக்கு அவ்வளவு இடம் கிடையாது. ஆக, ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். வாசலுக்கு அளந்தால் முதியவர் கறுப்பு நிழலாவார். அவருக்கு அளந்தால் வாசல் வெள்ளைச் சதுரமாகும், வெளியே ஊர் என்று ஒன்று இருந்த தடமே இருக்காது. இன்று ஃபோன் கேமராக்கள் பல படங்களை எடுத்து ஒட்டி இரண்டையும் காப்பாற்றித் தருகின்றன. வீட்டின் இருட்டும் போய், வெயிலின் கொடுமையும் போய், எல்லாமே ஓட்டல் வரவேற்பறை வெளிச்சத்தில் வந்து நிற்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

எதை விடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக் கணக்கோடு விட்டவர்களில் பெயர்பெற்றவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ். 1940-ஐ ஒட்டி, சக புகைப்படக்காரர் ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து அவர் ஒரு முறையை வகுத்தார். கருங்கறுப்பைப் பூஜ்யம் என்றும் காகித வெள்ளையைப் பத்து என்றும் வைத்து, இடையில் ஸ்டாப் ஸ்டாப்பாகப் படிகள். நடுச் சாம்பல் ஐந்தாம் படி. மானி எதைக் காட்டினாலும் ஐந்தில் கொண்டுபோய் வைக்கும். அதை எந்தப் படியில் வைக்க வேண்டும் என்பதைக் கலைஞர் சொல்ல வேண்டும்.

அவருடைய புகழ்பெற்ற படம் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலவு எழும் காட்சி. வானியலாளர்கள் நிலவின் இருப்பிடத்தை வைத்துக் கணக்கிட்டு, எடுத்த நாள் 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள். ஆடம்ஸுக்கே எந்த ஆண்டு என்பது உறுதியாக நினைவில்லை. கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் மங்கிக்கொண்டிருந்தது, ஒளிமானியைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஃபிலிமின் வேகம் 64. வேகத்தின் வர்க்கமூலத்தை எஃப் எண்ணாக வைத்தால், ஒளிர்வு எண்ணின் தலைகீழே ஷட்டர் நேரம்; 64-இன் வர்க்கமூலம் 8. எனவே எஃப் 8-இல் 1/250 நொடி வைத்தால் நிலவு ஐந்தாம் படியில், சாம்பலாக விழும். அவருக்கு நிலவு ஏழாம் படியில் வேண்டும். இரண்டு ஸ்டாப் கூட்டினால் 1/60 நொடி. லென்ஸில் போட்டிருந்த ஃபில்டர் ஒளியை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும். ஆக 1/20 நொடி. முன்னும் பின்னும் கூர்மை வேண்டி எஃப் 32-க்கு மூடினால் பதினாறு மடங்கு நேரம், கிட்டத்தட்ட ஒரு நொடி. ஒரு நொடி திறந்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. நிலவைக் காப்பாற்றிய அந்த எண், தரையைப் போதிய ஒளியின்றி விட்டது. நெகட்டிவின் அந்தப் பகுதியைப் பின்னர் ரசாயனத்தால் அடர்த்தியாக்க வேண்டியிருந்தது. கேமராவுக்குள் ஆன முடிவும் இருட்டறையில் ஆன முடிவும் சேர்ந்ததுதான் நாம் இன்று பார்க்கும் படம்.

தங்க வயலின் இரும்புத் தூக்குக் கோபுரங்களுக்கு இந்தப் பாடம் நேராகப் பொருந்தும். சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நிற்கும் அந்தக் கோபுரங்களின் உச்சியில் பெரிய சக்கரம் இருக்கும். கூண்டில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கிய கம்பி வடம் அதில் ஓடியது. சூரியன் மறைந்த பத்து நிமிடத்தில், கோபுரத்தை விட்டுவிட்டு வானத்தை மட்டும் அளந்து, அதை ஐந்திலோ நாலிலோ வைத்தால் இரும்பு முழுக் கறுப்பாகும். துரு, தளர்ந்த போல்ட், ஒட்டிய விளம்பரம் எல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் எஞ்சும். துருவைக் காட்ட வேண்டும் என்பவர் மேகமூட்டமான பகலில் வர வேண்டும். இரண்டும் ஒரே கோபுரத்தின் நேர்மையான படங்கள்தான்.

கோபுரத்தைக் கறுப்பாக்கினால் யாருக்கும் வருத்தமில்லை. முகத்தைக் கறுப்பாக்கினால் அப்படியில்லை. வெளிர் மேட்டின் முன் கருநிற முகத்தை நிறுத்திப் படம் எடுத்தால், மானி பின்னணியின் வெளுப்பில் மிரண்டு ஒளியைக் குறைக்கும். முகம் கண்ணும் மூக்கும் தெரியாமல் போகும். பலர் இதை முகத்தின் குற்றமாகவே நினைத்து வளர்ந்திருக்கிறார்கள். குற்றம் கணக்கில் இருந்தது, தொழிற்சாலையிலும் இருந்தது. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களுக்கு அனுப்பிய நிறத் திருத்த அட்டைகளில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அந்த அட்டைக்கு நின்றவர் பெயரால் அவற்றுக்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. கருநிறத் தோலின் நுண்ணிய வேறுபாடுகளை ஃபிலிம் விழுங்கியபோது நிறுவனம் பெரிதாக அசையவில்லை. சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச் சாமான் தயாரிப்பாளர்களும் தங்கள் பொருளின் பழுப்பு விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் வேகம் பிறந்தது என்று இதை ஆராய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார்.

நம் ஊர் ஸ்டூடியோக்கள் இதற்கு வேறொரு தீர்வு வைத்திருந்தன: ஒரு ஸ்டாப் கூட்டிப் போட்டு மணப்பெண்ணை வெளுப்பாக்கிவிடுவது. பட்டுப் புடவையின் ஜரிகை வெந்து வெள்ளையாகும், மாலையின் மல்லிகை ஒரே கட்டியாகும், பெண்ணும் வேறு யாரோபோல ஆகிவிடுவாள். எக்ஸ்போஷரைக் கற்பனையோடு கையாள்வது என்பதற்கு இதைவிட மோசமான எடுத்துக்காட்டு சொல்வது கடினம்.

கருநிற முகத்தை அதன் நிறத்திலேயே எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெள்ளைக் குமிழ் போட்ட கைமானியை முகத்தருகே பிடித்து, அதன்மேல் விழும் ஒளியை அளப்பது. அந்த மானிக்கு முகம் கறுப்பா சிவப்பா என்ற கவலையே இல்லை. அது கையில் இல்லாதவர்கள் உள்ளங்கையைப் பயன்படுத்தலாம். மனிதர்களின் தோல் நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கைகள் அவ்வளவு வேறுபடுவதில்லை. நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பு. முகத்தில் விழும் அதே ஒளியில் கையை நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும்.

மேலே இவ்வளவு சிக்கல் என்றால், கீழே? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். சூரிய ஒளி என்ற பேச்சே கிடையாது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்து வயலுக்கு மின்சாரம் வந்தது என்றாலும், பாறை வெட்டும் முனையில் தொழிலாளி கொண்டுபோன விளக்கே வெளிச்சம்.

அத்தகைய இருட்டில் படம் எடுக்க முயன்றவர்களின் கதை நீளமானது. 1861-இல் பாரிஸின் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் நாடார் என்ற புகைப்படக்காரர் மின்வில் விளக்குகளோடு இறங்கினார். (பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர் என்று எண்ண வேண்டாம்; ஒரு பிரெஞ்சுக்காரரின் புனைபெயர்.) ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆனது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க மனிதரால் முடியாது என்பதால், எலும்புகளை அடுக்கும் தொழிலாளிக்குப் பதில் சட்டை மாட்டிய பொம்மையை நிறுத்தினார். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஜே.சி. பர்ரோ 1890களின் தொடக்கத்தில் தகரச் சுரங்கங்களுக்குள் மக்னீசிய ஒளியும் சுண்ணாம்பு விளக்கும் கொண்டுபோய் எடுத்த படங்கள் 1893-இல் நூலாக வந்தன. அதே கார்ன்வாலிலிருந்துதான் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலாருக்குச் சுரங்க மேஸ்திரிகளைக் கூட்டிவந்தது. பர்ரோவின் படங்களில் தொப்பியில் மெழுகுவத்தி ஒட்டியபடி நம்மைப் பார்ப்பவர்கள் அந்தத் தொழிலின் ஆட்கள்தான்.

நீண்ட எக்ஸ்போஷருக்குள் ஒரு பௌதிகச் சதி இருக்கிறது. ஒளியின் செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் விளைவு. ஒன்று பாதியானால் மற்றதை இரட்டித்துச் சரிக்கட்டலாம் என்ற விதியை 1862-இல் வேதியியலாளர்கள் புன்சனும் ராஸ்கோவும் வகுத்தார்கள். நாடாரின் விளக்குகளுக்கு மின்சாரம் தந்த மின்கலங்களும் அந்தப் புன்சனின் கண்டுபிடிப்புதான். மேட்டின் புழுதியில் நாம் போட்ட கணக்கெல்லாம் இந்த விதியை நம்பியது. ஆனால் 1900-ஐ ஒட்டி, மங்கலான விண்மீன்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஷில்ட், விதி அங்கே தடுக்குவதைக் கண்டார். ஒளி மிக மெல்ல வரும்போது ஃபிலிமின் வெள்ளி உப்புப் படிகம் ஒரு ஃபோட்டானை வாங்கி, அடுத்தது வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. கணக்கு பத்து நொடி என்றால் பல ஃபிலிம்களுக்கு இருபது முப்பது நொடி கொடுக்க வேண்டும். கருந்துளைக் கணிதத்தில் பிறகு பெயர்பெற்றவரும் இதே ஷ்வார்ட்ஷில்ட்தான். டிஜிட்டல் சென்சாருக்கு இந்த மறதி கிடையாது. அதற்கு வேறு நோய்: ஒளியே இல்லாதபோதும் சூட்டினால் எலெக்ட்ரான்கள் கசியும். ஆறேழு டிகிரி ஏறினால் கசிவு இரட்டிக்கும். தங்க வயலின் அடித்தளம் போன்ற வெப்பத்தில் நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால், கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணப் புள்ளிகள் பொரிந்து வரும்.

அந்தச் சுரங்கத்துக்குள் எடுக்கப்பட்ட மிக விசித்திரமான புகைப்படங்களில் மனிதர் யாருமில்லை. ஹோமி பாபாவின் தூண்டுதலில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் 1951-இலேயே காஸ்மிக் கதிர்களை அளக்க இங்கே இறங்கியிருந்தார். வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்கள் பாறைக்குள் போகப் போகக் குறைகின்றன. 1960களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமண மூர்த்தி ஆகிய இயற்பியலாளர்கள் மிக ஆழத்தில் வைத்த கருவி மாதக்கணக்கில் ஒன்றையும் பதிவு செய்யவில்லை. அந்த வெறுமைதான் அவர்களுக்குப் பொக்கிஷம். இவ்வளவு அமைதியான இடத்தில் ஒரு மியூவான் தென்பட்டால் அது பாறையை எளிதில் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகளின் வேலையாக இருக்கலாம்.

டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தன. எதிரெதிராக நிற்கும் இரண்டு பிளாஸ்டிக் ஒளிர்விச் சுவர்கள், நடுவே அடுக்கடுக்காக நியான் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். துகள் ஒன்று சுவர்களைக் கடந்தால் ஒளிர்விகள் சொல்லும். உடனே குழாய்களுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு போகும். துகள் தொட்டுச் சென்ற குழாய்களில் மட்டும் வாயு அயனியாகியிருக்கும், அவை மட்டும் மின்னும். முனையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு குழாயும் ஒரு புள்ளி; புள்ளிகளை இணைத்தால் துகள் போன வழி. அதைக் கேமரா பதிவு செய்யும்.

இந்த இடத்தில் மேலே கற்ற பாடம் தலைகீழாகிறது. முழு இருட்டில் ஷட்டர் நேரத்துக்கு அர்த்தமில்லை. ஐந்து நொடி திறந்திருந்தாலும் ஐந்து மணி நேரம் திறந்திருந்தாலும், சேர வேறு ஒளி இல்லாததால் ஃபிலிம் வெறுமையாகவே காத்திருக்கும். நேரத்தைத் தீர்மானிப்பது குழாயின் மின்னல். அதன் ஆயுள் நொடியின் மிகச் சிறிய பங்கு. படம் எடுப்பவர் கையில் இருப்பவை லென்ஸின் துவாரமும் ஃபிலிமின் வேகமும் மட்டுமே. அவ்வளவு குறுகிய ஒளிக்கும் ஃபிலிம் கணக்குப்படி நடக்காது. ஷ்வார்ட்ஷில்ட் மங்கலில் கண்ட தடுக்கலுக்கு மறுமுனையிலும் ஒரு தோழன் உண்டு.

ஒரு கோணத்தை அளக்கத்தான் இத்தனையும். செங்குத்தாக வரும் மியூவான் மேலிருந்து பாறையைத் துளைத்து வந்ததாக இருக்கலாம். கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வருவது பல கிலோமீட்டர் கூடுதல் பாறையைத் தாண்டியிருக்க வேண்டும்; அது நடக்காது. கருவிக்கு அருகிலேயே ஒரு நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறப்பித்த மியூவானாகத்தான் அது இருக்க முடியும். புள்ளிகளின் சாய்வு அதைச் சொன்னது. வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டதாக இந்தக் கூட்டுக் குழுவின் எம்.ஜி.கே. மேனனும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த ஃபிரெடரிக் ரெய்னஸ் குழுவின் கட்டுரை அதற்கு இரண்டு வாரம் பின்னால் வந்தது.

சுரங்கங்களுக்குள் இன்று இறங்க வழியில்லை. ஆனால் அந்தக் கேமராவின் உத்தியை மேலேயே பயன்படுத்தலாம். சித்திரை வைகாசியில், கோடை மழைக்கு முன் இந்த வறண்ட மேட்டு நிலத்தில் மாலையில் இடி இறங்கும். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, தூக்குக் கோபுரம் சட்டத்துக்குள் வருமாறு பாதுகாப்பான தொலைவில், கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 20 நொடி. மின்னல் கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்வது அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே; கோடு வெந்து பருத்துத் தெரிந்தால் எஃப் 11-க்கு மூடலாம். வானமும் ஊரின் ராபர்ட்சன்பேட்டைப் பகுதி விளக்குகளும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது ஷட்டரின் வேலை. ஊர் வெளிச்சம் மேகத்தில் மஞ்சளாக ஏறினால் 20-ஐ 10 ஆக்கினால் போதும், மின்னல் அப்படியே இருக்கும். இடைவெளியின்றி அடுத்தடுத்துத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான படங்கள் வெறும் வானமாக வரும்.